முகத்தில் குடியிருப்பவர்கள்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொல்லிவைத்த மகராசன் கையில் கிடைத்தால், அவரை நேரே மட்டாஞ்சேரிக்குக் கூட்டிவந்து ஷாகுல் ஹமீதின் முன்னால் உட்காரவைக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயது. ஐந்து வேளையும் தொழுகிறவர். பீடி, சிகரெட், வெற்றிலை என்று எதையும் தொட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷரின் மூக்கும் இரண்டு கன்னங்களும் இருபது வருஷம் கள்ளுஷாப்பே கதியென்று கிடந்தவனைப் போலச் சிவந்து, அதன்மேல் சின்னச் சின்னப் பருக்கள் பொரிந்து கிடந்தன. இந்த முகத்தில் எந்த அகம் தெரிகிறது என்று அந்தப் பழமொழிக்காரரைக் கேட்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஷாகுல் ஹமீதின் தொழிலே குடிப்பதுதான். ஆனால் டீ. அதையும் அவர் விழுங்குவதில்லை.

பஜார் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு தேயிலைக் கிடங்கு. அதன் மாடியில், வடக்கு ஜன்னலை ஒட்டி நீள மேஜை. அதில் வரிசையாக வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சாம்பிள் தேயிலை. எடை பார்த்துத் தூளைப் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டு, ஆறு நிமிஷம் மூடிவைத்து இறுத்ததும் ஷாகுல் ஹமீது வருவார். முதலில் ஆவியில் முகத்தைக் கொடுத்து வாசம் பிடிப்பார். பிறகு கரண்டியால் எடுத்து 'ஸ்ஸ்ர்ர்' என்று தெருவுக்கே கேட்கும்படி உறிஞ்சுவார். வாய்க்குள் ஒரு சுற்று. அப்புறம் பக்கத்து வாளியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். ஒரு நாளைக்கு இருநூறு கிண்ணம். "இது மழை விட்ட மறுநாள் பறிச்ச இலை." "இதைக் காயவெச்சவன் அவசரக்காரன்." "இதை வாங்க வேணாம்." அவ்வளவுதான். முதலாளி மறுபேச்சுப் பேசமாட்டார். முப்பது வருஷமாக லாரி லாரியாகத் தேயிலை அந்த நாக்கை நம்பி வந்து இறங்கியிருக்கிறது. ஒருவராவது 'சத்தியமாகவா' என்று கேட்டதில்லை.

அந்த நாக்கையும் மூக்கையும் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. வெங்காயம் பச்சையாகத் தின்னமாட்டார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அத்தர் குப்பி கைமாறி வரும்போது கும்பிடாத குறையாக விலகிப்போவார். மணிக்கு ஒருதரம் வாய் கொப்புளிப்பார். ஊர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. முகம் சிவக்காத வரைக்கும் அது தொழில் சுத்தம். சிவந்த பிறகு அதே கொப்புளிப்புக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். இவர் தேயிலைக் கிடங்கில் உட்கார்ந்து டீயைக் குடித்தே கெட்ட பேர் வாங்கினார்.

சிவப்பு முதலில் வந்து வந்துதான் போனது. மூன்று வருஷத்துக்கு முன்னால், சூடாக நாலு கிண்ணம் உறிஞ்சியதும் கன்னம் குப்பென்று ஏறும், மதியத்துக்குள் இறங்கிவிடும். பிறகு இறங்காமல் தங்கியது. பிறகு பருக்கள் வந்தன. முள் குத்துகிற மாதிரி ஒரு எரிச்சல். ஷாகுல் ஹமீது டாக்டரிடமா போனார்? தேயிலைக்காரருக்கு எல்லா நோய்க்கும் மருந்து தேயிலைதானே. தினம் காலை முதல் வடிப்பு இறக்கியதும் தலைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு கிண்ணத்தின்மேல் குனிந்து பத்து நிமிஷம் ஆவி பிடித்தார். நல்ல உயர்ந்த ரக இலை வேறு. முகம் இன்னும் சிவந்தது. ஆவி போதவில்லை என்று முடிவுகட்டிக் கால் மணி நேரமாக்கினார்.

அப்புறம் விக்கி வந்தான். தேனிப் பக்கத்திலிருந்து வந்து கிடங்கில் லோடு கணக்குப் பார்க்கிறவன், நல்ல மனசுக்காரன். தன் படர்தாமரைக்குப் போட்ட டியூபைக் கொண்டுவந்து நீட்டி, "போட்டுப் பாருங்க பாய், மூணே நாள்" என்றான். மூன்றே நாள்தான். நாலாவது நாள் காலை கண்ணாடியில் பழைய ஷாகுல் ஹமீது நின்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று டியூபைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிறுத்திய ஒரே வாரத்தில் போனதெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. திரும்பப் போட்டார், அடங்கியது. நிறுத்தினார், பொங்கியது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அவருக்குப் புரிவதற்குள் எட்டு மாதம் ஓடி, மெடிக்கல் ஷாப்காரன் அவரைக் கண்டாலே டியூபை எடுத்துவைக்கிற அளவுக்குப் பழகிவிட்டான்.

வீட்டில் அவர் மனைவி பீவிக்கு வேறு கட்சி. முதலில் நண்டுச் சூடு என்றாள், நண்டு நின்றது. பித்தம் என்றாள், சீரகத் தண்ணீர் வந்தது. கண்ணேறு என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்தப் புகையில் முகம் இன்னும் சிவந்தது. மகள் லுப்னா மட்டும், "அத்தா, தோல் டாக்டர்னு ஒருத்தங்க இருக்காங்க. கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று மாதத்துக்கு ஒருதரம் கேட்பாள்.

இப்படியே போயிருக்கும். லுப்னாவுக்குப் பாலக்காட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ரயீஸ், வாத்தியார். நல்ல குடும்பம். லுப்னாவுக்கும் பிடித்திருந்தது, போட்டோவை அவள் மூன்றுதரம் பெரிசாக்கிப் பார்த்ததைப் பீவி கண்ணால் கண்டாள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அதற்குப் பத்து நாள் முன்னால் பீவியின் அண்ணன் யூசுப் வந்தார். எர்ணாகுளம் பிராட்வேயில் குடைக்கடை வைத்திருக்கிறவர், இந்தச் சம்பந்தத்துக்கு நடுவில் நிற்கிறவர். வந்தவர் கொடுத்த சாயாவைத் தொடவில்லை.

"மாப்ளே, தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். "பாலக்காட்டுக்காரங்க இங்க ஆள் விட்டு விசாரிச்சிருக்காங்க. எல்லாம் நல்லபடியாத்தான் சொல்லியிருக்காங்க. ஒருத்தன் மட்டும், பொண்ணோட அத்தா குடிப்பாரு, முகத்தைப் பாத்தாலே தெரியும்னு சொல்லிட்டான்."

ஷாகுல் ஹமீது சிரித்துவிட்டார். நிஜமாகவே சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தில் நின்ற பீவி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது.

யூசுப் போனதும் பீவி உள்ளே போய், உறையிட்டு மேலே வைத்திருந்த குர்ஆனை இறக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, இதுல கை வெச்சு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அண்ணன் அங்க போய்ச் சொல்லிக்கட்டும்."

"அண்ணனுக்காகக் கேக்கறியா, ஒனக்காகக் கேக்கறியா?"

பீவி குர்ஆன் உறையின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள். அதுதான் பதில்.

இருபத்தாறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் வாழ்ந்தவள். ஊர் ஆயிரம் பேசட்டும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது அவருக்குத் தெரியாதா? ஆனால் இவள்? ஷாகுல் ஹமீதுக்கு நெஞ்சு காந்தியது. "நாக்கை வெச்சுப் பொழைக்கிறவன் நான்" என்றார். "முதலாளி கேட்டதில்லை. ஏலத்துல நிக்கிற ஒரு வியாபாரி கேட்டதில்லை. ஒனக்கு மட்டும் என் வார்த்தை பத்தலைன்னா, சத்தியம் பண்ணியும் பத்தாது. அதை எடுத்த இடத்துல வையி."

முரட்டுப் பிடிவாதம்தான். ஒரு நொடியில் தீர்கிற காரியத்தை ஒரு மலையாக்கிவிட்டார். ஆனால் அவருக்கு அப்போது பாலக்காட்டு சம்பந்தம்கூட இரண்டாம் பட்சம். பீவி தன்னை வெறும் வார்த்தைக்கு நம்ப வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. மூன்று நாள் இருவரும் 'சோறு', 'உப்பு' என்ற அளவில் பேசிக்கொண்டார்கள். நாலாவது நாள் லுப்னா தேவராவில் ஒரு தோல் டாக்டரிடம் நேரம் வாங்கி, அத்தாவின் போனிலேயே நினைவூட்டல் வைத்துவிட்டாள். கிளம்பும்போது பீவியும் புர்காவை மாட்டிக்கொண்டு, கூப்பிடாமலே கூட வந்தாள். பஸ்ஸில் நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்தாள்.

டாக்டர் ஸுப்ரியா திருப்பூணித்துறைக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிற பிராமணக் குடும்பம். ஷாகுல் ஹமீது மலையாளத்தில் ஆரம்பித்ததும், பேரையும் பேச்சையும் வைத்துக் கண்டுபிடித்து, "தமிழே பேசுங்கோ, நேக்கும் வாய்க்கு ருசியா இருக்கும்" என்றார். விளக்குப் பொருத்திய லென்ஸ் ஒன்றைக் கன்னத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பில்லே, தெரியுமோ? பார்க்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும். காரணம் வேற வேற. கரும்புள்ளி இருக்கோன்னு பார்த்தேன், இல்லே. அப்போ வயசுப் பசங்களுக்கு வர்ற பரு இல்லே. முட்டி, விரல் மூட்டெல்லாம் வலிக்கறதோ? இல்லேன்னா, மூட்டு நோயோட சேர்ந்து வர்ற சிவப்புங்கற பயமும் இல்லே. அரிக்கறதைவிட எரியறதுதானே ஜாஸ்தி? சோப்பு, தலைச்சாயம் ஏதாவது புதுசா? என்ன க்ரீம் போட்டேள்?"

ஷாகுல் ஹமீது பையிலிருந்து டியூபை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தார். "எட்டு மாசமா? இதுல ஸ்டீராய்டு இருக்கு. மூஞ்சியில போடற சமாச்சாரமே இல்லே. முதல்ல மந்திரம் மாதிரி அடக்கும், அப்புறம் அதுவே பிசாசாயிடும்." பிறகு வேலையைப் பற்றிக் கேட்டார். ஆவி பிடித்த கதையைக் கேட்டபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எரியற நெருப்புல தினம் கால் மணி நேரம் நெய் விட்டிருக்கேள்."

பிறகு பேனாவை எடுத்து, தலை நிமிராமலே கேட்டார். "குடிக்கிற பழக்கம் உண்டோ?"

பக்கத்து நாற்காலியில் பீவியின் வளையல் ஒருதரம் அசைந்து நின்றது.

"இல்லை" என்றார் ஷாகுல் ஹமீது.

'இல்லை' என்று டாக்டர் எழுதினார். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். உண்மையாகவா என்று கேட்கவில்லை. முகத்தை ஒருதரம் உற்றுப் பார்க்கக்கூட இல்லை. யாரோ எவரோ, பார்த்துக் கால் மணி நேரம்கூட ஆகாத ஒரு பெண்பிள்ளை, அவர் வார்த்தையை அப்படியே வாங்கித் தாளில் வைத்துவிட்டார். ஷாகுல் ஹமீது பீவியைப் பார்க்கவில்லை. பீவி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு ரோசேசியான்னு பேர்" என்றார் டாக்டர். "குடிக்கறவாளுக்குத்தான் வரும்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. பொய்யாக்கும். குடிச்சா கூடலாம், சரி. ஒரு சொட்டுத் தொடாதவாளுக்கும் தாராளமா வரும். சூடு, ஆவி, வெயில், காரம், கோபம், வெட்கம். ஏன், சந்தோஷம் ஜாஸ்தியானாக்கூட சிவக்கும். இன்னொரு ஆளும் இதுல கூட்டுச் சேர்ந்திருக்கான்னு நினைக்கறேன். பார்த்துடலாம், வாங்கோ."

பக்கத்து அறையில் மைக்ராஸ்கோப் இருந்தது. டாக்டர் ஒரு மழுங்கின தகட்டால் அவர் கன்னத்தை லேசாக அழுத்தி வழித்து, வந்ததைக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு எண்ணெயில் வைத்தார். தான் முதலில் பார்த்தார். "ம்" என்றார். "பயப்படாம வந்து பாருங்கோ."

ஷாகுல் ஹமீது குனிந்தார். கிண்ணத்தின்மேல் குனிந்து பழகின முதுகு. முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெளிச்சம். டாக்டர் திருகைத் திருப்பினார். வெளிச்சத்துக்குள்ளிருந்து ஒன்று மெல்ல எழுந்து வந்தது.

அது அசைந்தது.

கண்ணாடி போன்ற உடம்பு, புடலம்பிஞ்சு போல நீண்டு பின்னால் மெலிந்திருந்தது. முன்பக்கத்தில் குட்டையாக எட்டுக் கால்கள். எட்டும் எண்ணெயில் எதையோ துழாவின, தூக்கத்தில் பிள்ளை கையை ஆட்டுகிற மாதிரி, அவசரமே இல்லாமல். பக்கத்தில் இன்னொன்று. அதற்கு அப்பால் இரண்டு. மொத்தம் ஏழு எண்ணினார். அதற்குமேல் எண்ண வரவில்லை.

"இது... என் முகத்துலயா?"

"உங்க முகத்துலதான். மயிர்க்கால் இருக்கோல்லியோ, அதுக்குள்ளே தலைகீழா இறங்கிக் குடியிருக்கும். ராத்திரி வெளியே வந்து நடக்கும், ஜோடி சேரும், திரும்பப் போயிடும். வெளிச்சம் பிடிக்காது. மொத்த ஆயுசே ரெண்டு வாரம் போல. அங்கேயே முட்டை, அங்கேயே குஞ்சு, அங்கேயே சாவு."

அருவருத்திருக்க வேண்டும். பீவி வாயைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்னால் போனதும் அதனால்தான். ஆனால் ஷாகுல் ஹமீதுக்கு என்னவோ கண்ணை எடுக்க மனசு வரவில்லை. முப்பது வருஷமாக ஒரு துளி டீக்குள் மழையையும் மலையையும் பார்த்தவர். தன் கன்னத்தில் ஒரு ஊரே பிறந்து, நடந்து, மவுத்தாகிக்கொண்டிருந்ததை ஒருநாளும் அறியவில்லை. படைத்தவன் இந்த அளவுக்குச் சின்னதையும் உட்கார்ந்து படைத்திருக்கிறான், அதற்கும் எண்ணி எட்டுக் கால் வைத்திருக்கிறான் என்று நினைத்தபோது உடம்பு ஒருதரம் சிலிர்த்தது. சுப்ஹானல்லாஹ் என்று உதடு தானாகச் சொன்னது.

"எனக்கு மட்டுமா?"

"சொன்னா நம்பமாட்டேள். வளர்ந்தவா எல்லார் முகத்துலயும் உண்டு. நேக்கும் உண்டு. கொஞ்சமா இருந்தா ஒரு தொந்தரவும் இல்லே. உங்களுக்குக் கூட்டம் ஜாஸ்தியாயிடுத்து, ஸ்டீராய்டு வேற அதுக்கு வழிவிட்டுடுத்து."

"எங்கேருந்து ஒட்டிச்சு? கிடங்குத் தூசியா?"

"தூசியெல்லாம் இல்லே." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "பிறந்த குழந்தைக்கு இது கிடையாது. அம்மா தூக்கி, கன்னத்தோட கன்னம் வெச்சுக் கொஞ்சறா பாருங்கோ, அப்போ வரும். பெரும்பாலும் பெத்தவாகிட்டேர்ந்துதான், வீட்டுல ரொம்ப நெருங்கினவாகிட்டேர்ந்துதான். குடும்பத்துல தலைமுறை தலைமுறையா ஒரே வம்சமா வர்றதுண்டுன்னு ஆராய்ச்சி பண்ணினவா சொல்றா. ஊர் மாறிப் போனாலும் கூடவே போகுமாம்."

ஷாகுல் ஹமீது மெல்ல நிமிர்ந்தார்.

அவருக்கு ஆறு வயதாகும்போது அம்மா மவுத்தாகிவிட்டாள். அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் பெண்களைப் போட்டோ எடுக்கிற வழக்கமில்லை. ஒரு படம் இல்லை. அவள் கட்டின துணி ஒன்றுகூட மிஞ்சவில்லை. முகத்தை நினைத்துப் பார்க்க எத்தனையோ தரம் முயன்று தோற்றிருக்கிறார். வெள்ளை முக்காடு ஒன்று வரும், உள்ளே முகம் இருக்காது. நெருங்கி வருகிற ஒரு கன்னத்தின் சூடு மட்டும் எப்போதாவது தூக்கக் கலக்கத்தில் வரும். அதுவும் கனவா நினைவா என்று தெரியாது.

அந்தக் கன்னத்திலிருந்து வந்தவையா இவை? அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு தலைமுறை, நாற்பத்தாறு வருஷம். ஆயிரத்துக்கு மேல் தலைமுறைகள். அம்மாவின் முகத்திலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பம் ஒருநாள்கூட விட்டுப்போகாமல் அவர் முகத்திலேயே இருந்து, பிள்ளை பெற்று, பேரன் பெற்று, இதோ இந்தக் கண்ணாடித் துண்டு வரைக்கும் வந்திருக்கிறது. ஒன்றுமே விட்டுப்போகவில்லை என்று அவர் நினைத்திருந்த அம்மா.

"டாக்டரம்மா" என்றார். "மருந்து போட்டா இதெல்லாம் செத்துடுமா?"

"கூட்டம் குறையும். சிவப்பும் இறங்கும். அந்த டியூபை நிறுத்தினதும் முதல் சில வாரம் சிவப்பு கூடும், பொறுத்துக்கணும். ஆனா மொத்தமா அழிக்க யாராலேயும் முடியாது. கொஞ்சம் இருந்துண்டேதான் இருக்கும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஷாகுல் ஹமீது.

பூச்சி போகாது என்றதற்குச் சந்தோஷப்பட்ட முதல் நோயாளி அவராகத்தான் இருக்கும். டாக்டர் சிரித்தார். பீவி சிரிக்கவில்லை. அவள் புருஷனுடைய கண்ணைப் பார்த்தாள். அதில் நிறைந்திருந்த தண்ணீர் எதற்கென்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான வருஷமே அந்த முகமில்லாத முக்காட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவள் தயங்கித் தயங்கி முன்னால் வந்து குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கும் இருக்குமா?"

டாக்டர் அவள் கன்னத்திலும் வழித்து எடுத்தார். அவருக்கும் அன்று உற்சாகம் பிறந்துவிட்டது. தேடித் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தார். அதே எட்டுக் கால், அதே அவசரமில்லாத துழாவல்.

"இது எங்க அம்மா குடுத்ததா, இவருகிட்டேருந்து வந்ததா?"

"அதைச் சொல்ல என்னாலே முடியாது. ரெண்டும் கலந்திருக்கலாம். இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருக்கேள்."

"முகம் கிட்ட வந்தாப் போதுமா?"

"கிட்ட வரணும். நிறைய நேரம், நிறையத் தடவை."

பீவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

திரும்பும்போது பஸ் வேண்டாம், போட்டில் போகலாம் என்றாள் பீவி. எர்ணாகுளம் ஜெட்டியில் கூட்டம். உள்ளே ஜன்னலோரம் இடம் கிடைத்தது, ஆனால் வெயில் விழுகிற பக்கம். பீவி பையிலிருந்து குடையை எடுத்து, போட்டுக்குள்ளேயே விரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் வெயில் ஆகாது என்று சொல்லியிருக்கிறார், யார் பார்த்தால் என்ன என்று பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை நடுவில் இடம் விடவில்லை.

ஷாகுல் ஹமீது குடைக்கு அடியிலிருந்து போட்டைப் பார்த்தார். மீன்கூடையோடு ஒரு சேட்டத்தி. காதில் ஒயரோடு காலேஜ் பிள்ளைகள். வெயிலில் வெந்த வெள்ளைக்காரர் ஒருவர். இரண்டு மூட்டைதூக்கிகள், ஒரு கன்னியாஸ்திரி, தூங்கி வழிகிற போலீஸ்காரர். அத்தனை முகத்திலும் அவரவர் அம்மா கொடுத்தது இருக்கிறது. ஒருவருக்கும் தெரியாது. அம்மாவோடு பேசி வருஷக்கணக்கானவனும் சரி, அம்மா முகமே ஞாபகமில்லாதவனும் சரி, முகத்தில் சுமந்துகொண்டு டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுகிறான். அவருக்கு எல்லோரையும் எழுப்பிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் ஊர் இப்போது வைத்திருக்கிற பேரோடு இன்னொரு பேரும் சேரும் என்று வாயை மூடிக்கொண்டார்.

கப்பல்துறை தாண்டியபோது பீவி பேசினாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நாலு மாசமா, மத்தியானம் நீங்க சாப்பிட்டுப் படுத்ததும், நான் கிட்ட வந்து மோந்து பாப்பேன்."

அவர் திரும்பினார்.

"வாய்க்கு நேரா. கன்னத்தோட கன்னம் படற அளவுக்கு. அண்ணன் வந்து சொன்னது இப்பத்தான். எதிர்வீட்டுக்காரி அப்பவே சொல்லிட்டா. ஒரு நாள் விடலை."

ஷாகுல் ஹமீது கோபம் வருகிறதா என்று தனக்குள் பார்த்துக்கொண்டார். வருவதற்குள் அவள் தொடர்ந்தாள்.

"ஒரு நாளும் வேற வாசம் வந்ததில்லைங்க. டீ வாசம்தான். ஒங்க நாக்கு மாதிரி இல்லாட்டியும் எனக்கும் மூக்குன்னு ஒண்ணு இருக்கில்ல? அதுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நாலு மாசமாத் தெரிஞ்சிருந்துச்சு. அப்புறமும் ஒங்க முன்னாடி குர்ஆனைக் கொண்டாந்து வெச்சேன் பாருங்க." அவள் குரல் உடைந்தது. "என் மூக்கை நம்பாம ஊர் வாயை நம்பிட்டேன். அந்த டாக்டரம்மா ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதிட்டுப் போயிட்டாங்க. பக்கத்துல உக்காந்திருந்த எனக்கு அந்தத் தாளுக்குள்ள பூந்துக்கலாம் போல இருந்துச்சு."

ஷாகுல் ஹமீது குடைப்பிடியில் இருந்த அவள் கையின்மேல் தன் கையை வைத்தார்.

அப்போது பீவியின் போன் அடித்தது. யூசுப். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, டாக்டர்ட்டப் போனீங்களாமே, லுப்னா சொல்லிச்சு. குடியால இல்லைன்னு சீட்டு ஏதாவது எழுதிக் குடுத்தாங்களா? குடுத்திருந்தா போட்டோ பிடிச்சு அனுப்பு. பாலக்காட்டுக்கு அனுப்பிடறேன், பிரச்சினை தீந்துது."

சீட்டு அவள் மடியில்தான் இருந்தது. குடிப்பழக்கம் இல்லை என்று டாக்டரின் கையெழுத்திலேயே இருந்தது. பீவி அதை நாலாக மடித்துப் பையின் உள்ளறையில் போட்டு ஜிப்பை மூடினாள்.

"சீட்டெல்லாம் எதுக்கு அண்ணே? நான் சொல்றேன், அப்படியே சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு குடிக்க மாட்டாரு. சொல்றது அவரு பொண்டாட்டி. இருபத்தாறு வருசமாக் கூட இருக்கறவ. நம்பினா ஞாயித்துக்கிழமை வரட்டும். நம்பலைன்னா, சுட்டு வெச்ச பலகாரத்தை நாங்களே தின்னுக்கறோம்."

"ஏய், பீவி, அப்படியில்லம்மா, ஒரு ஆதாரம்னு..."

"நான்தான் ஆதாரம்" என்று போனை வைத்தாள்.

எதிர் இருக்கையில் மீன்கூடைக்காரி கையைத் தட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாகுல் ஹமீதுக்குக் கழுத்திலிருந்து சூடு கிளம்பியது. காது வழியாக ஏறி, கன்னத்தில் பரவி, மூக்கு நுனியில் போய் நின்று எரிந்தது. இருநூறு கிண்ணம் உறிஞ்சினாலும் இப்படி ஏறியதில்லை. கையால் முகத்தை மூடப் போனார்.

பீவி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "ரொம்பச் சிவக்குதுங்க. கோவமா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை. டாக்டர் சிவப்புக்கு அடுக்கின பட்டியலில் கடைசியாகச் சொன்ன அந்தச் சந்தோஷம் என்று சொல்ல வாயெடுத்தார். கண்ணில் தேங்கினது கன்னத்தில் இறங்கியது.

பீவிக்குச் சொல்லாமலே புரிந்தது. மட்டாஞ்சேரி ஜெட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. கரையில் ஊர்க்காரர்கள் நாலு பேர் போட்டுக்குக் காத்து நிற்பது தெரிந்தது, அதில் எதிர்வீட்டுக்காரியும் இருந்தாள். பீவி குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சிவக்கட்டும்" என்றாள். "பாக்கறவங்க பாக்கட்டும்."